பதினொன்று

ஹாகன் நகரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கிளினிக்.
தையில் ஒருதரம் அட்டையைச் செருகினால் போதும்.
பங்குனி முடியும்வரை
எத்தனைதரம் வந்தாலும்
காப்புறுதி தருவது ஒரே தொகை.

ஃப்ராவ் ப்ரூக்ஹொஃப் பதினொருதரம் வந்தா.
முழங்கால். பிறகு தலைசுற்று. பிறகு
ஒன்றுமில்லை, "இந்தப் பக்கத்தால் போனேன்" என்றா.
ஒவ்வொருமுறையும் டொக்டர் அர்ஸ்லான்
கதவைச் சாத்தி, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டார்.
கணக்குப் பார்ப்பவள் நான்.
இனி எல்லாம் நட்டம் என்று சொல்லியும் பார்த்தேன்.
"தெரியும்.
அடுத்த ஆளைக் கூப்பிடு."

சித்திரையில் அவ வரவில்லை.
வைகாசியில் மகன் வந்து
அட்டையை மேசையில் வைத்தான்:
திருப்பிக் கொடுக்கிற இடம் இதுவா?
இல்லை என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.

தைக்கும் பங்குனிக்குமான காசு
ஆடியில் வந்து சேர்ந்தது.
பெயர்கள் இல்லாத பட்டியல்.
எண்ணூற்று நாற்பத்தாறு பேர், ஒரே வரி.
வாடகைக்குப் போனதில்,
பஞ்சுக்கும் ஊசிக்கும் போனதில்
எது அவவுடையது?

ஓரத்தில் பென்சிலால்
பதினொன்று என்று எழுதினேன்.
அதை யாருக்கு அனுப்புவது
என்றுதான் தெரியவில்லை.