இடது உள்ளங்கை

பீனிக்ஸுக்குத் தெற்கே ஆறாம் எண் பின்மைதானம்.
பிப்ரவரிக் காலை ஏழரைக்குப் புல் நனைந்திருக்கும்,
பத்துக்கெல்லாம் வேலிக்கம்பி கையைச் சுடும்.
வேலிக்கு அப்பால் கள்ளிகள்
கைதூக்கி நிற்கின்றன,
யாரும் துப்பாக்கி நீட்டாமலே.
நீட்டியிருப்பவை வேகம் அளக்கும் துப்பாக்கிகள்.
அவை பையன்கள் பக்கம் திரும்பியிருக்கின்றன.

நான் பந்து பிடிப்பவன்.
ஆட்டத்தில் அல்ல, ஆட்டத்துக்கு முன்னால்.
பதினோரு வருடமாகக் குந்தியே பிழைக்கிறேன்.
செலெடோனியோ என்ற பெயர்
எந்தப் பலகையிலும் ஏறியதில்லை.
மேட்டில் நிற்பவன் யார் என்பதை
என் இடது உள்ளங்கைதான் முதலில் படிக்கும்.

இந்த வருடம் ஒன்பது பிட்சர்கள்.
முதுகில் எண்பதுக்கு மேற்பட்ட எண்கள்.
தங்கப்போகிறவனுக்கு யாரும்
எண்பத்தேழு தைத்துக் கொடுப்பதில்லை,
அது அவர்களுக்கும் தெரியும்.
தெரிந்தும் சட்டையை மடித்துத்தான் வைக்கிறார்கள்.

அசுவாக்காரன் எலியெசர் பொலாங்கோ:
தொண்ணூற்றொன்பது மைல்.
அவன் காலைத் தூக்கியதும்
நாற்காலிகள் முன்னால் நகரும்.
பந்து எங்கே போகும் என்பது
பந்துக்கே தெரியாது.
இதுவரை ஒரு தண்ணீர்த்தொட்டி,
ஒரு பயிற்சியாளரின் காப்பி,
என் வலது முட்டி.

ஹுவாலியனிலிருந்து வந்த சூ போ-யென்
ஏறும்போதும் இறங்கும்போதும்
மேட்டைக் காலால் தடவிச் சமன்செய்வான்.
அவன் சேஞ்ச்அப்
இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு
வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்.
அதற்குள் மட்டை சுழன்று முடிந்திருக்கும்.

அப்புறம் நெப்ராஸ்காவின் டாரன் ஹ்ரூஷ்கா.
முழங்கையில் பூரான் படுத்ததுபோல் தழும்பு.
மணிக்கட்டின் நாணை உருவி
முழங்கைக்குள் கோத்திருக்கிறார்கள்.
எறிந்தபின் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள்.
அவன் தன் கையைப் பார்ப்பான்,
கடன் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன்.
சத்தம் என் கையில் இருக்கிறது.
கையுறையின் குழியில் வாங்கினால் வேட்டு,
விரல்பக்கம் வாங்கினால் இருமல்.
தொண்ணூற்றொன்றைத் தொண்ணூற்றேழாக
ஒலிக்க வைக்கத் தெரியும் எனக்கு.
கூச்சமுள்ள பையன்களுக்கு முதல் வாரம்
அப்படித்தான் தைரியம் ஊட்டுவது.

மார்ச் எட்டாம் தேதி ஹ்ரூஷ்காவின் பந்து
என் கைக்கு வேறு மாதிரி வந்தது.
வேகமில்லை என்பதல்ல.
நூற்றெட்டுத் தையலும் தனித்தனியாகத் தெரிந்தன.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லாமல்
இன்னும் நன்றாகக் குழியில் வாங்கினேன்.
வேட்டு. வேட்டு. மறுபடியும் வேட்டு.
விதை துப்பிக்கொண்டிருந்த பயிற்சியாளர்கூட
ஒருமுறை தலை நிமிர்த்தினார்.
ஆறு நாள் அப்படியே ஓட்டினோம்,
ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல்.

துப்பாக்கிக்குக் காது கிடையாது.

பெயர் அழைக்கும் காலையில்
எல்லோருக்கும் ஷூ நாடா அவிழ்ந்துவிடும்.
குனிந்தே இருப்பார்கள்.
பொலாங்கோவைச் சாலைக்கு அந்தப்பக்கம்
சின்ன முகாமுக்கு அனுப்பினார்கள்.
பெட்டியைத் தலையில் வைத்துச் சிரித்துக்கொண்டே போனான்,
இருபது வயது, திரும்பி வருவான்.
போ-யென் நின்றுவிட்டான்.
என் கையில் சத்தமே எழுப்பாத ஒரே பையன்.

ஹ்ரூஷ்காவை அனுப்புவதற்கு இடமில்லை.
பத்து நிமிடத்தில் வெளியே வந்தான்.
மாலையில் வண்டிகள் நிற்கும் இடத்தில்
பிக்கப்பின் பின்கதவை மூடிவிட்டு,
"செலே, கடைசியாக ஒன்று," என்றான்.
கையுறை உள்ளே பூட்டிக் கிடந்தது.
பரவாயில்லை, எறி என்றேன்.

முழு உடம்பையும் போட்டு எறிந்தான்.
காலடியில் சரளை சிதறியது.
வெறுங்கையில் பிடித்தேன்.

வலிக்கவில்லை.

உள்ளங்கையை உதறி, ஊதி,
ஓர் ஓட்டம் ஓடிக் காட்டினேன்.
அவன் சிரித்தான்.
நம்பினானா தெரியாது.
பந்தைத் திருப்பிக் கேட்கவில்லை.