அஃப்

புத்தகம் ஆங்கிலேயர்களுக்காக எழுதியது.
மூன்றாம் பாடத்திலேயே தைரியம் சொல்கிறது:
பயப்படாதீர்கள், டச்சு மொழியில்
வினை சில சமயம் வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடும்.
அனுப்பர்பாளையத்தில் பஸ் ஏறி
புஷ்பா தியேட்டர் வருவதற்குள்
சிரித்துக்கொண்டே அதை முடித்தேன்.
வேறெங்கே போகும்?

ஏழாம் பாடம்தான் உட்காரவைத்தது.
பிரியும் வினைகள்.
ஒப்பெல்லன் என்றால் ஃபோன் போடுவது.
நாளைக்குப் போடுகிறேன் என்றால்
பெல் முன்னால் ஏறிக்கொள்ளும்,
ஒப் கடைசி சீட்டுக்குப் போய்விடும்,
சண்டை போட்ட புருசன் பெண்டாட்டி
ஆளுக்கொரு படியில் ஏறினமாதிரி.
போட மறந்துவிட்டேன் என்றால்
இரண்டும் மறுபடி ஒன்றாக உட்காரும்.
ஆனால் நடுவில் ஒரு தெ.
ஒப் தெ பெல்லன்.
மாமியார் என்று ஓரத்தில் எழுதி, அடித்தேன்.
பிறகு 'வரவேயில்லை' என்று எழுதிப் பார்த்தேன்.
வர, இல்லை, இடுக்கில் ஓர் ஏ.
கோபம் வந்தால் நாமும்
பிளந்து ஆப்பு வைக்கிறவர்கள்தான்.

செவ்வாய் மூன்றரை மணி, அங்கே பதினொன்று.
ஸ்பீக்கரில் லீஸ்பெத், கூட இரண்டு குரல்.
ஒரு நிமிஷம் என்று தங்களுக்குள் டச்சுக்கு மாறினார்கள்,
மியூட் போட மறந்து.

வெய் ஸெகன்
நாங்கள் சொல்கிறோம்
(மகன் என்னும்போது நம்முடைய க
லேசாக உரசுமே, அந்த உரசல்)
மார்ச் மாதத்து
குழந்தைகள் டீஷர்ட்
பன்னிரண்டாயிரம் பீஸ்
மஞ்சள், டைனோசர் பிரிண்ட்
சொல்கிறார்கள், சொல்கிறார்கள்,
முதலாளி ரத்தினசபாபதி என் முகத்தைப் பார்க்கிறார்,
கதவோரம் கட்டிங் மாஸ்டர் சின்னச்சாமி
"ஆர்டர் ஆச்சுங்ளாம்மா?"
கீழே ஓவர்லாக் ஓடும் அதிர்வில்
டீ டம்ளர் மேசைமேல் நகர்கிறது

அஃப்.

ஸெகன், சொல்வது.
அஃப்ஸெகன், ரத்து செய்வது.
ஒரு வாக்கியம் தள்ளி நின்று
சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டது.
நோட்டில் ஆய்தம் வைத்து எழுதினேன்.
முன்னும் பின்னும் ஆள் இல்லாமல்
நிற்கத் தெரியாத எழுத்து.

லீஸ்பெத் ஆங்கிலத்துக்குத் திரும்பினாள்.
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்,
சாயங்காலத்துக்குள் மெயில் வரும்.
சூப்பர் என்றார் முதலாளி,
மாஸ்டருக்குக் கட்டைவிரல் காட்டினார்.

கட்டிங் மேசையில் மஞ்சள் துணி
எண்பது லே விரித்திருந்தது.
கத்தி இறங்கினால் இறங்கியதுதான்.

ஸோண்டர் ஈட்ஸ் தெ ஸெகன்.
ஒன்பதாம் பாடம்: எதுவும் சொல்லாமல்.
அங்கே தெ உட்பட நாலு சொல் வேண்டும்,
நமக்கு இரண்டு போதும், எளிதுதான்.
மெயில் வரும்வரை நானும் அப்படியே
இருந்திருக்கலாம்.
படியிறங்கி ஓடினேன்.

"மாஸ்டர், வெட்டாதீங்க."

மிஷின் சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றது.
"ஏனுங்?" என்றார்.
பின்னாலேயே வந்த முதலாளியும்
அதையே கேட்டார்,
ங் இல்லாமல்.