கூ

யார் விழவேண்டும் என்பதைத்
துண்டுச்சீட்டில் எழுதுகிறவன் நான்.
தருமபுரம். சித்திரைக் கடைசிச் சனி.
உழவுயந்திரப் பெட்டிகள் இரண்டைப் பொருத்தி
மேலே மெத்தை, அதன்மேல் தறப்பாள்,
சுற்றிவரத் தண்ணீர் இறைக்கிற குழாய்தான் கயிறு.
மைக்கும் என் கையில். ஆகவே
கடவுளுக்கு அடுத்த வேலை.

மூன்று வருடமாய் ஜெகன்ராஜைத்தான் கரடியாக்கினோம்.
சாக்கு மேலங்கி, மூஞ்சியில் அடுப்புக்கரி.
இவனுக்கேன் கரி என்று எவனோ கேட்க
கழகம் முழுக்கச் சிரித்தது. நானும்.
எழுபத்தேழில் மலையிலிருந்து லொறியில் வந்து இறங்கிய குடும்பம்,
இன்னும் எங்களுக்கு 'வந்த ஆக்கள்'.
கரடி வரும், உறுமும், கதிரையால் அடிக்கும்,
பிறகு பரந்தன் டிலக்சன், வெள்ளைச் சப்பாத்தும் பவுடருமாய்,
அதை மடக்கிப் படுத்துவான்.
சனம் எழும்பி நிற்கும்.

தொலைக்காட்சியில் பார்த்ததும் அப்படித்தான்.
எங்கள் நிறத்தில் ஒருத்தன் வந்தால்
புரியாத பாஷையில் கத்துவான்,
முதுகுக்குப் பின்னால் அடிப்பான்,
தோற்பான்.
நாங்கள் ஆர் பக்கம் கத்தினோம் என்பதை
இப்ப நினைக்க வெட்கம்.

இந்த முறை மதுர்ஷினி வந்தாள்.
இடதுகால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
"எனக்கும் ஒரு சண்டை வேணும்."
தலைவர் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி சொன்னார்.
தங்கச்சி, நீங்கள் கிண்ணம் குடுங்கோ,
மேடையில் ஏறினாலே போதும், சனம் அழும்.

"அதுதான் வேண்டாம்" என்றாள்.
"வந்துபோன நிறுவனமெல்லாம்
சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தது.
ஒரு கலண்டரில் நான் ஓகஸ்ட் மாதம்.
இந்த ஊரில் ஒருத்தரும் இதுவரை
எனக்குக் கூ அடிச்சதில்லை.
என்னைக் கெட்டவளாக்குங்கோ."

அன்றிரவு சீட்டை நான்கு தரம் கிழித்தேன்.

ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது.
முதலில் அவன். சாக்கில்லை, கரியில்லை.
ஜெகன்ராஜ் என்று சொந்தப் பெயரைச் சொன்னேன்.
கைதட்டல் அங்கொன்று இங்கொன்று.
பிறகு அவள்.
சனம் உடனே முகத்தை இரக்கத்துக்கு மாற்றிக்கொண்டது.
முன்வரிசையில் ஒரு லேஞ்சி வெளியே வந்தது.

கயிற்றில் சாய்ந்து பட்டியை அவிழ்த்தாள்.
காலைக் கழற்றினாள்.
உதவப்போன மத்தியஸ்தர் குனிய
அதே காலால் பிடரியில் ஒன்று.
(பஞ்சு சுற்றியிருந்தோம். சத்தம் நான் மைக்கில் போட்டது.)

மைதானத்தில் மூச்சில்லை.
நுளம்புகூட யோசித்தது.

ஐஸ்கிறீம் வான் பக்கமிருந்து
ஒரு சின்னப் பெடியன்: கூ...
தாய் வாயைப் பொத்தமுன் இன்னொன்று.
பிறகு முழு மைதானமும்,
தலைவரும், லேஞ்சிக்காரியும்,
கூ, கூ, கள்ளி, கள்ள ஆட்டம்!
ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு
இரண்டு கையாலும் கூப்பிட்டாள்:
காணாது, இன்னும், இன்னும்.
அப்படியொரு முகம்
ஓகஸ்ட் மாதத்தில் இருந்ததில்லை.

ஜெகன்ராஜ் அவளைத் தூக்கிச் சுழற்றி
மெல்ல வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.
வென்றவன் கையை என்ன செய்வதென்று தெரியாமல்
பழக்கத்தில் ஒருதரம் உறுமினான்.

இப்போது பதினொரு மணி.
காலின் திருகாணி ஒன்றைக் காணவில்லை,
திங்கள் விடிய ஆடைத் தொழிற்சாலை பஸ்.
கைபேசி வெளிச்சத்தில் தறப்பாளை உதறுகிறோம்.
எங்கள் எல்லோரையும் கண்டபடி ஏசுகிறாள்.
பெட்டிக்குக் கீழே தவழும் தலைவர்
தங்கச்சி என்று சொல்லவில்லை.
"வாயை மூடிக்கொண்டு
அங்கால பாரடி" என்கிறார்.