கிழக்குக் காற்றின் பட்டுவாடா

பதினேழு வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவள் நான்.
பிராபந்தில் மேடு கிடையாது;
மிதிப்பவளுக்குக் காற்று ஒன்றுதான் எதிரி.

அந்த ஏப்ரலில் ஒரு துளி மழையில்லை.
ஸ்யெஃப் வெர்ஹாகனின் கொட்டிலில் மூவாயிரம் ஆடுகள்,
ஒன்றுகூட வெளியே வந்து புல்லைப் பார்த்ததில்லை.
குட்டி போடும் மாதம்.
நாள் நிரம்பாமல் வைக்கோலில் விழுந்தவற்றை
வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான்.
"சினை கலைகிறது" என்றான்
மின்கட்டண உறையைக் கையில் வாங்கியபடி.
"ஏதோ தீவனக் கோளாறு."

பிறகு எருவை வயலில் இறைத்தார்கள்.
உலர்ந்து, பொடிந்து,
மாவு சலித்ததுபோல் வெயிலில் மிதந்தது.
அழகாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.
அதற்குள்ளேதான் சைக்கிளை விட்டேன்,
சீட்டியடித்துக்கொண்டு.

மே மாதம் மருத்துவமனை உறைகள் வரத் தொடங்கின.
நாங்கள் உறையைப் பிரிப்பதில்லை; எடையிலேயே தெரியும்.
முதலில் எட்டாம் எண், தச்சர் ஹுய்பெர்ட்.
பிறகு பதினான்கு.
பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு,
அங்கே ஆன்னெமீக் ஏழு மாதக் கர்ப்பிணி.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்.
இவர்களில் யாரும் ஆட்டைத் தொட்டவர்கள் இல்லை.
ஹுய்பெர்ட்டுக்குப் பாலாடைக்கட்டிகூடப் பிடிக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, பையில் உறைகளை அடுக்கும்போது
கை நின்றது.
கொட்டிலிலிருந்து தேவாலயக் கோபுரம்வரை
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரே கோடு.
எனக்கு முன்பே இன்னொரு தபால்காரன்
இந்தத் தெருவில் போயிருக்கிறான்.
கதவெண் பார்க்காதவன்,
ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு எடுக்காதவன்.

அடுத்த உறை என் பெயருக்கு.
நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

நுரையீரல் ஆறிவிட்டது என்கிறார்கள்.
மிச்சம் இருப்பதற்கு அவர்களிடம் பெயர் இல்லை.
தலை சீவ எடுத்த கை பாதியில் இறங்குகிறது.
மாடிப்படி பதின்மூன்று. ஏழாவதில் உட்கார்ந்து
மேலே போவதா, கீழே இறங்குவதா...
"உனக்கென்ன, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?"
என்றாள் ரொட்டிக் கடையில் ஒருத்தி.

டிசம்பரில் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள்.
சினை ஆடுகளின் முதுகில் சிவப்புக் குறி.
நோய் கண்டதும் காணாததும் ஒரே லாரியில்.
ஸ்யெஃப் வாயிற்கதவருகே நின்று எண்ணினான்.
எண்ணூறுக்கு மேல் முடியாமல்
தகரச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவன் மனைவி ரீட்டும் இரவெல்லாம் வியர்த்தவள்தான்.
யாரிடமும் மூச்சு விடவில்லை; பால் விலை விழுந்துவிடுமே.

ஆட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று
அவர்களுக்கு அரசாங்கக் கடிதம் வந்தது.
எனக்கு ஒரு கேள்விப் படிவம்:
"ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்
உங்களால் நிற்க முடிகிறது?"

இப்போது என் வழியில் யோரிஸ் என்றொரு பையன் போகிறான்.
அவனும் சீட்டியடிக்கிறான்.
இன்று ஜன்னல் திரை உள்பக்கமாக உப்புகிறது.
கிழக்கே புதிய கொட்டிலுக்குத் தூண் நடுகிறார்கள்;
கோழியாம், ஒரு லட்சமாம்.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்த வேண்டும்.
ஐந்தடி தூரம்.
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.