உடைசல் விவரம்

தக்கலை, புதன் ராத்திரி

ஐயா,
கேட்ட படங்கள் ஆறும் அனுப்பியாயிற்று.
படத்தில் தெரியாததை எழுதுகிறேன்.

பீங்கான். இங்கிலாந்தில் செய்தது.
அடியில் நீலத்தில் ஒரு பிறை, நகம் பட்ட மாதிரி.
நீளம் ஒரு சாண், நாலு விரல்.
சுவரெல்லாம் வளையம் வளையமாக ஓட்டை.
வளையங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்திலெல்லாம்
ஒட்டவைத்த குட்டிப் பூ.
தண்ணீர் நிற்காது, அரிசியும் நிற்காது.
"இதுல என்னத்த வைக்கியதாம்?"
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.

நெய்யூரில், கம்பவுண்டர் ஞானாபரணம் வீட்டில்
முட்டை வைத்திருந்தார்கள்.
பிறகு பியூஸ் வயர், கரண்டு ரசீது,
ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள்.
மகள் கிறிசோலைட் என்னிடம் தருமுன்
கவிழ்த்துத் தட்டினாள். ஒரு ஊக்கு விழுந்தது.
அதை மட்டும் எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள்.

உள்ளே, தரையில், தீட்டிய பூங்கொத்து.
ரோஜா தெரிகிறது.
மற்றவை நம் பக்கம் பூக்காதவை, பெயர் கேட்காதீர்கள்.
முட்டை உருண்ட இடத்தில் மஞ்சள் தேய்ந்திருக்கிறது.

ஓர் இலைக்குக் கீழே சிவப்பு வண்டு.
எந்தப் பூவுக்கும் அது போகிற மாதிரி இல்லை.
நகத்தால் தடவினேன்:
வண்டின் முதுகுக்குள் ஒரு குழி.
சூளையில் விழுந்த குழி.
தீட்டியவனோ, தீட்டியவளோ,
தூக்கி எறிய மனமில்லாமல்
அதற்கு ஆறு கால் வைத்துவிட்டார்கள்.
இருநூறு வருஷத்துக்கு மேல்
யாரும் கேட்கவில்லை.

குட்டிப் பூ முப்பத்தாறு என்று போனில் சொன்னேன்.
முப்பத்தைந்து.
ஒன்று பழைய உடைசல்
என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பழையது இல்லை.
போன வியாழன் இரணியல் வளைவில் பஸ் குலுங்கியபோது
என் மடியில் 'டிக்' என்றது.
முறிந்த இடம் வெள்ளைவெளேரென்று இருக்கிறது.
ஒரு சொட்டு டீ தொட்டு வைத்தால் பழசாகிவிடும்,
இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.
டீ இங்கேதான் இருக்கிறது,
ஆடை கட்டி.

எனக்கு வண்டு வரைய வராது.

விலையில் மூவாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்.
உடைந்த பூவைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து
கூடவே அனுப்புகிறேன். ஒட்டுவதும் விடுவதும் உங்கள் பாடு.
பெட்டி, தோவாளைச் சந்தையில் கிடைத்த தெர்மோகோல்.
திறக்கும்போது பிச்சி வாசம் வந்தால்
கூடையை மோந்து பார்க்க வேண்டாம்.

பார்சல் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால்.