மூன்றாவது வரி

பாடாங் செராயில்
பழைய மூன்றாம் டிவிஷன் நின்ற இடத்தில்
காருக்கான ரப்பர் வளையம் செய்கிறோம்.
மரம் போனது, ரப்பர் போகவில்லை.

ஹோரிகாவா ஒரு தாளை நீட்டினார்.
சாமுராய்களின் நெறி, ஏழு சொற்கள்,
கேன்டீன் சுவருக்கு.
மலாயில் ஆகிவிட்டது, நேப்பாளியில் ஆகிவிட்டது.
‘தமிழில் நீங்கள்’ என்றார்,
வளையத்தில் பிசிறு பார்த்துக்கொண்டிருந்த என்னிடம்.

முதலாவதற்கு நேர்மை.
இரண்டாவதற்கு வீரம். யோசிக்கவே வேண்டாம்,
எங்கள் மொழியில் அது கொல்லைக் கீரை,
கிள்ளக் கிள்ள வரும்.
மூன்றாவதைத் தாண்டிப் போனேன்,
பிறகு வரலாம் என்று.

நான்கு, மரியாதை.
எழுதும்போதே கழுத்து ஒருமுறை குனிந்தது.
ஜப்பான்காரன் காலத்தில் இதே முச்சந்தியில்
காவலுக்கு நின்றவனுக்குக் குனிய மறந்த பால்வெட்டுக்காரர்
தலைக்கு மேல் கல் ஏந்தி
வெயில் சாயும்வரை நின்றாராம்.
போன மாதம்
கெட்டுப்போன வளையம் நாலாயிரம் திரும்பி வந்த காலையில்
ஹோரிகாவா எங்கள் முப்பத்திரண்டு பேர் முன்னால்
இடுப்பை மடித்துக் குனிந்தார்.
எண்ணினேன், ஏழு விநாடி.
இரவு ஷிப்டில் சூட்டைக் கூட்டிவைத்தவன்
என் பக்கத்தில்தான் நின்றான், உதட்டைக் கடித்துக்கொண்டு.
அதே குனிவுதானா இதுவும்?
கேட்க எனக்குத் தெரிந்த எந்த மொழியும் போதவில்லை.

ஐந்து, வாய்மை.

ஆறு, மானம். இங்கே கொஞ்சம் பெருமை வந்தது.
முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி
வடக்கு நோக்கி உட்கார்ந்து
சோறு தண்ணீர் விட்டு உயிரை விட்டவர்கள்
எங்களிடமும் உண்டு என்றேன், சாப்பாட்டு நேரத்தில்.
வயிற்றைக் கிழித்துக்கொள்வதைவிட
மெதுவான வழி.
அவர் சிரிக்கவில்லை.
‘என் முன்னோர் சாமுராய் அல்லர்.
நீகாத்தாவில் வயலுக்கு மலம் சுமந்தவர்கள்.
வாள் எதிரே வந்தால்
சேற்றில் முகம் புதைக்க வேண்டும்.
பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்,
இனி எல்லோரும் சாமுராய் என்று.
தாத்தாவுக்குக் கொடுத்த வாளில் வரிசை எண் இருந்தது,
நம் அச்சுகளில் இருப்பதுபோல.’
மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார்.
அந்த வாள் எந்தெந்த ஊர் பார்த்தது
என்று சொல்லவில்லை.

ஏழு, விசுவாசம் என்று எழுதி அடித்தேன்.
நாய்க்குச் சொல்வது அது.
துரைக்கு உழைத்துத் தேய்ந்த மண்டோருக்கு
மாலை போட்ட அன்று சொல்வது.
செஞ்சோற்றுக் கடன் என்று மாற்றினேன்.
மாற்றியதும் வந்து நின்றார்
அப்பாவின் பெரியப்பா நாகமுத்து.
செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே
பென்சிலில் ‘சயாம்’ என்று மட்டும் இருந்ததாம்,
அப்புறம் கட்டங்கள் வெறுமை.
தண்டவாளம் போடப் போனவர்
யார் சோற்றுக்கு எந்தக் கடன் கட்டினார்?
கஞ்சியில் புழு மிதந்தது என்றார்
திரும்பி வந்த ஒருவர்.
அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

மூன்றாவதுக்கு வந்தேன்.
கருணை. இரக்கம். அருள். ஈரம்.
ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
இடத்தை அப்படியே விட்டுத் தாளைக் கொடுத்தேன்.

‘தமிழில் இதற்குச் சொல் இல்லையா?’

‘நாலு இருக்கிறது.
கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.’

நெடுநேரம் தாளையே பார்த்தார்.
குனிந்துவிடுவாரோ என்று பயந்தேன்.
குனியவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பெயின்டர் வடமலை
அளந்து இடம்விட்டு எழுதினான்.
‘காலியா விட்டதுக்குக் கூலியில பிடிப்பாங்களாக்கா?’

இரண்டு வாரம் கழித்து
அந்த இடத்தில் யாரோ ஆணி அடித்திருந்தார்கள்.
தில் பகதூரின் மழைச்சட்டை தொங்குகிறது.
சொட்டிச் சொட்டி
கீழ்வரியில் மரியாதையின் முதலெழுத்து
கொஞ்சம் கரைந்திருக்கிறது.