வெள்ளிக்கு வெள்ளி

சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை
பாயான் லெப்பாசில் ஷிப்ட் முடிந்து
கொம்தாரில் இறங்கி, தியோ கடையில்
நூற்று நாற்பத்தைந்து வெள்ளி கொடுத்து
ஒரு வெள்ளி வாங்குவேன்.
எங்கள் பினாங்கில் இந்த வாக்கியம் சரிதான்.

முதல் தடவையே தியோ சொல்லிவிட்டார்:
'இது டுயிட் இல்லை, காக்.
எந்த அரசாங்கமும் அடிக்கவில்லை.
மதிப்பு எழுதியிருக்காது. எடை மட்டும்.'
தமிழில் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்:
நாணயம் இல்லை.
பஸ்ஸில் அந்தச் சொல்
என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.
வீட்டில், ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள் என்று
சொல்லி வைத்திருந்தேன்.

வட்டின் நடுவே ஒரு முகம்
நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.
காளி என்று கும்பிடப் போனேன்.
சூரியனாம்.
மெக்சிகோவில் அஸ்டெக் என்று ஒரு ஜனம்
கல்லில் வெட்டிய காலண்டராம்.
நாக்கும் நாக்கில்லை, கத்தி என்கிறார்கள்.
சுற்றிலும் முதலை, பல்லி, முயல், நாய்.
இருபது நாளுக்கு இருபது பெயர்
பதினெட்டு மாதம்
போக மிச்சம் ஐந்து நாள்.
அந்த ஐந்தும் ஆகாத நாட்கள்
அடங்கிக் கிடப்பார்களாம்.

ஒன்றின் விளிம்பு
அடுத்ததன் முதுகுப் பள்ளத்தில்
டக் என்று உட்காரும்.
சாய்த்தாலும் சரியாது.
அந்த 'டக்'குக்காகத்தான் வாங்கினேனோ என்னவோ.
நகைக்கு அடகுக்கடை வழி தெரியும்
எங்கள் வீட்டு நகைக்கு நன்றாகவே தெரியும்.
இதற்கு எந்த வழியும் தெரியாது.
மைலோ டின்னில், பருப்புக்கு அடியில்
பதினெட்டு.

நேற்று குணசீலன் பருப்பைத் தேடினான்.
தூணை அப்படியே தூக்கி
மேசையில் வைத்தான்.
'எந்த நாட்டுக் காசு?'
எந்த நாடும் இல்லை.
'அப்போ செல்லாது?'
செல்லும். எடைக்கு.
அவன் மனசுக்குள்
ஓவர்டைமைக் கூட்டிக்கொண்டிருந்தது
முகத்தில் தெரிந்தது.
கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

கேட்கவில்லை.
மேல் வட்டைக் கழற்றினான், திரும்பப் பொருத்தினான்,
மறுபடி கழற்றினான்.
டக். டக்.
நான் முட்டை பொரிக்கப் போனேன்.
ஒன்றுதான் இருந்தது.
சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

பாதியை அவன் தட்டுக்குத் தள்ளினேன்.
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில்
அது
நாக்கை நீட்டியபடியே இருந்தது.